ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டுக்காரர்

திருப்பூரில் ஸ்ட்ரா போட்டு டீ குடித்த ஒரே மனிதர் எங்கள் ஹெல்மெட்டுக்காரர்தான். இளநீருக்கு ஸ்ட்ரா போடுவார்கள், கலருக்குப் போடுவார்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கிற டீயில், தலையில் இருக்கிற ஹெல்மெட்டைக் கழற்றாமல், முன்கண்ணாடியை மட்டும் இரண்டு விரல் அளவு தூக்கி, அந்தச் சந்தில் ஸ்ட்ராவை விட்டு உறிஞ்சிய ஒருவரை அவருக்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. சூட்டில் ஸ்ட்ரா வளைந்து தொங்கிவிடும். அவர் வளைய மாட்டார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அன்றைக்குத் திருப்பூரில் ஹெல்மெட் போட்டவர் என்றால் ஒன்று வெளியூர்க்காரராக இருப்பார், இல்லாவிட்டால் மண்டையில் தையல் போட்டவராக இருப்பார். இவர் போட்டது முகம் முழுக்க மூடுகிற கறுப்பு ஹெல்மெட். கண்ணாடியும் கறுப்பு. தன்னை யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டார். ஊர் முழுக்க அவரை அடையாளம் தெரிந்ததே அதனால்தான். ரவுண்டானாவில் அவர் மொபெட் திரும்பினால், 'இன்னைக்கு யாரோட மிஷினோ நின்னு போச்சாட்டருக்குது' என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். திசையன்விளைப் பக்கம் பிறந்து, எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு, பனியன் கம்பெனிக்குத் துணி வெட்ட வந்தவன் நான். கர்த்தருடைய கிருபையால் திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் ஒரு தகரக் கொட்டகையும், பழசாக வாங்கிய இரண்டு வட்டப் பின்னல் மிஷின்களும் அமைந்தன. மேலே நூல் சுற்றிய கோன்களை அடுக்கிவிட்டால், மிஷின் சுற்றிச் சுற்றிப் பின்னி, துணியைக் குழாய் மாதிரி கீழே இறக்கும். ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் நூல் அனுப்புவார்கள், நாங்கள் பின்னிக் கொடுப்போம். மிஷினுக்குச் சுகமில்லை என்றால் எங்கள் வீட்டில் அடுப்புக்கும் சுகமிருக்காது.

ஒருமுறை இரண்டாவது மிஷின் துணியில் ஓட்டை ஓட்டையாகப் போட ஆரம்பித்தது. மிஷின் விற்ற கம்பெனியின் மெக்கானிக் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். வந்தாலும், பழைய மிஷின் என்றால், வரதட்சணை குறைந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கிற மாமியார் மாதிரி பார்ப்பார். பக்கத்து யூனிட்காரர்தான் சொன்னார்: ஏதோ ஒரு மில்லில் ஆறு நாள் வேலை பார்க்கிற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியில் கன்சல்டிங் பார்க்கிறார், எந்த மில் என்று கேட்கக் கூடாது, முகத்தைப் பார்க்க ஆசைப்படக் கூடாது.

வந்தார். கொட்டகைக்குள் காலை வைப்பதற்கு முன்னால் வாசலில் நின்றே, எங்கள் சொந்தபந்தத்தில் யாராவது நூல் மில்லில் வேலை பார்க்கிறார்களா என்று விசாரித்தார். இல்லை என்றதும் உள்ளே வந்தார். என் மனைவி எஸ்தர் பெயர் கேட்டாள். அவர் சுவரில் தொங்கிய பைபிள் வசனக் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டேவிட்டுங்க."

எஸ்தருக்கு வாயெல்லாம் பல். "எந்தச் சபைக்குத் தம்பி போறிய?"

"பெரிய சர்ச்சுங்க."

"பெரிய சர்ச்சுன்னா எது?"

"இருக்கறதுலயே பெருசுங்க" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவர் குனிந்தபோது ஹெல்மெட்டின் கீழ்ச் சந்திலிருந்து திருநீறு கொஞ்சம் உதிர்ந்து சட்டைக் காலரில் விழுந்ததை நான் பார்த்தேன். எஸ்தரும் பார்த்தாள். ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் டேவிட் தம்பிதான். பிற்பாடு விசாரித்ததில், அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் அவர் சண்முகம் என்றும், ஒரு பேக்கரியில் கோபால் என்றும் தெரிந்தது. எந்த இடத்தில் எந்தப் பெயர் என்பது அவருக்கே குழம்பி, சண்முகம் என்று கூப்பிட்டால் இரண்டு நிமிடம் கழித்துத் திரும்புவார். அதனால்தான் ஊர் கூடி ஹெல்மெட்டுக்காரர் என்று வைத்துக்கொண்டது.

அவர் வைத்தியம் பார்க்கிற விதமே தனி. ஹெல்மெட் காதை அடைத்துவிடுவதால் மிஷின் ஓடுகிற சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்காது. அதனால் கையால் கேட்பார். ஓடுகிற மிஷினின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். மூடினாரா என்று கண்ணாடி வழியாகத் தெரியாது, தலை சாய்ந்திருப்பதை வைத்துச் சொல்கிறேன். பிறகு மிஷினிடம் பேசுவார். மனிதர்களிடம் பேசுவதைவிட மரியாதையாகப் பேசுவார்.

"எங்கீங்க வலிக்குது? இங்கீங்களா? செரிங்க, செரிங்க, பொறுங்க."

எங்கள் ஆபரேட்டர் முருகேசன் சிரித்துவிட்டான். ஹெல்மெட் அவன் பக்கம் மெதுவாகத் திரும்பியது. "ஏனுங்க தம்பி, இவுங்களுக்கு நேரா மேல ஃபேனு மாட்டுனது யாருங்க?"

முருகேசன் சிரிப்பதை நிறுத்தினான். மாட்டியவன் அவன்தான். புழுக்கமாக இருக்கிறதென்று சொந்தச் செலவில் மாட்டியிருந்தான். அந்தக் காற்றில் பஞ்சுத் தூசு பறந்து நூல் போகிற வழியில் அடைத்து, அடைத்த இடத்தில் நூல் அறுந்து, ஓட்டை விழுந்திருக்கிறது. ஃபேனைக் கழற்றி வேறு மூலையில் மாட்டினோம். மிஷின் பழையபடி ஓடியது. ஒரு ஸ்குரூவைக்கூட அவர் திருகவில்லை.

அதற்கு உண்டான கூலியைக் கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். ஒரு கவரில் போட்டு மிஷின் மேலேயே வைக்கச் சொல்வார். "ஒரு வாரம் ஓடட்டுங்க. இவுங்க நல்லாருக்கேன்னு சொன்னாத்தானுங்க நான் எடுக்கோணும்" என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கவரைத் தொடுவார்.

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிற மோட்டார் அடிக்கடி எரிந்துகொண்டே இருந்ததாம். எத்தனையோ மெக்கானிக் வந்து உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர் போய்ப் பார்த்தால், தூசு விழக் கூடாதென்று பட்டறைக்காரர் மோட்டாரைச் சாக்கால் சுற்றி, கயிறு கட்டி, அதன்மேல் பழைய ஸ்வெட்டர் ஒன்றையும் போட்டு வைத்திருக்கிறார். ஹெல்மெட்டுக்காரர் ஸ்வெட்டரை எடுத்துப் பட்டறைக்காரரின் கழுத்தில் சுற்றிவிட்டு, சித்திரை வெயிலில் வாசலில் நிற்கச் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் பட்டறைக்காரருக்கே புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அங்கே மோட்டார் எரியவே இல்லை.

இப்படிப்பட்டவர் எங்களுக்கு வாய்த்ததில் ஒரே ஒரு சங்கடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வருவார். காலை ஒன்பது மணிக்கு எங்கள் சபையில் ஆராதனை. எஸ்தர் என்னிடம், கர்த்தரா டேவிட் தம்பியா என்று முடிவு செய்துகொள்ளச் சொன்னாள். நான் யோசித்துவிட்டு, விடியற்காலை ஆராதனைக்குக் குடும்பத்தோடு மாறிவிட்டேன். இருட்டோடு எழுந்து வருகிற எங்கள் பக்தியைப் போதகர் பிரசங்கத்திலேயே எடுத்துச் சொல்லிப் பாராட்டினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். தாழ்மை என்று அதற்கும் பாராட்டினார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் என் போனில் அழைப்பு. நகை அடகுக் கடை ஒன்றிலிருந்து பேசினார்கள். ஹெல்மெட் போட்ட திருடன் ஒருவனைப் பிடித்து வைத்திருப்பதாகவும், அவன் என் நம்பரைக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்கள். கையில் பைபிளோடு அப்படியே ஓடினேன்.

நடந்தது இதுதான். கடையின் ஜெனரேட்டரைப் பார்க்கக் கணக்குப்பிள்ளை இவரை வரச் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேனிடம் சொல்ல மறந்துவிட்டார். முகம் தெரியாமல் ஹெல்மெட்டோடு நகைக் கடைக்குள் ஒருவர் நுழைந்தால் வாட்ச்மேன் என்ன செய்வார்? கட்டிப்பிடித்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்று, விட்டுவிடுகிறோம் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னதற்கு இவர் சொன்ன பதிலைத் திருப்பூர் இன்றைக்கும் மறக்கவில்லை.

"திருடன்னே வெச்சுக்கங்க சாமி. ஹெல்மெட்ட மட்டும் கழட்டச் சொல்லாதீங்க."

மேனேஜர் என்னிடம் விசாரணையை ஆரம்பித்தார். இவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். பெயர் என்ன என்றார். எங்கள் வீட்டில் டேவிட் என்றேன். கணக்குப்பிள்ளை உடனே, எங்களிடம் ராமலிங்கம் என்றல்லவா சொன்னார் என்றார்.

"முகமும் தெரியாது, பேரும் தெரியாது. அப்புறம் எப்படீங்க நல்லவருன்னு சொல்றீங்க?"

"எங்க மிஷின் ஓடுதே சார்" என்றேன். வேறு சாட்சி என்னிடம் இல்லை.

மேனேஜர் பைபிளையும் என்னையும் பார்த்தார். சரி, ஜெனரேட்டரிடம் கூட்டிப் போங்கள் என்றார். இவர் உள்ளங்கையை வைத்தார், தலையைச் சாய்த்தார், எங்கீங்க வலிக்குது என்று கேட்டார். சற்று நேரத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மேனேஜர் உடனே டீ சொல்லி அனுப்பினார். கட்டிப்பிடித்த வாட்ச்மேனே போய் ஸ்ட்ரா வாங்கி வந்தார்.

திரும்பி வரும்போது மொபெட்டை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, முதல் முறையாக விஷயத்தைச் சொன்னார். மில்லில் சேரும்போது கொடுத்த ஆர்டரிலேயே, வெளியில் வேலை பார்த்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவோம் என்று போட்டிருக்கிறதாம். ஸ்கூட்டர் மெக்கானிக் கடை வைத்த ஒரு சூப்பர்வைசரை முதலாளி அப்படித்தான் அனுப்பினாராம்.

"நான் இருக்கறது மில்லு குவார்ட்டர்ஸுங்க அண்ணாச்சி. புள்ளைங்க ரெண்டும் படிக்கறது மில்லுப் பள்ளிக்கூடமுங்க. வேலை போச்சுன்னா ஊடும் போயிருமுங்க, பள்ளிக்கூடமும் போயிருமுங்க."

அப்படியிருக்க எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன்.  வருமானம் கூட வருவது உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை என்றார். மில்லில் ஆறு நாளும் ஒரே மிஷின்களைப் பார்க்கிறாராம். அதே சத்தம், அதே ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு மிஷினைத் தொட்டுப் பார்க்கும்போது, கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர்களைப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். அன்றைக்குத்தான், இந்த மனிதருக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாதென்று எனக்குள் ஒரு ஜெபம் தொடங்கியது.

ஆனால் கெடுதல் என் கொட்டகை வாசலுக்கே வந்தது.

ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு நாங்கள் பின்னிக் கொடுத்த துணி சாயம் போட்டு வந்ததும், நீலத் துணியில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தது. ஒரு பட்டை அடர்த்தி, ஒரு பட்டை வெளிர். வரிக்குதிரைக்கு நீலச் சாயம் போட்ட மாதிரி இருந்தது. கம்பெனியின் துணி மேனேஜர் போனில் பொரிந்து தள்ளினார். என் பழைய மிஷின்தான் காரணம், இனி எனக்கு நூல் வராது, கெட்டுப்போன துணிக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அப்படி நடந்தால் மிஷின்களை விற்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவதைத் தவிர எனக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டுக்காரர் வந்தார். இரண்டு மிஷின்களையும் காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு நூலின் இழுப்பையும் விரலால் சுண்டிப் பார்த்தார். கடைசியில் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"இவுங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க அண்ணாச்சி. நூலத்தான் பார்க்கோணும்."

மீதியிருந்த கோன் ஒன்றை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். கோனைக் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது எங்க மில்லு நூலுங்க" என்றார்.

அதே நேரம் போன் அடித்தது. துணி மேனேஜர்தான். நூலில் ஏதாவது குறை இருக்குமோ என்று மில்லிலும் ஒரு வார்த்தை கேட்டாராம், அதில் மில் முதலாளிக்குக் கோபமாம். மிஷினை அவரே நேரில் பார்த்துச் சொல்வதற்காகக் கிளம்பிவிட்டாராம். காரில் பாதி வழி வந்துவிட்டாராம்.

நான் விஷயத்தைச் சொன்னதும் ஹெல்மெட்டுக்குள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. போய்விடுங்கள் சார் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். என் மிஷின் போனால் இன்னொரு இடத்தில் துணி வெட்டிப் பிழைத்துக்கொள்வேன், அவர் பிள்ளைகளை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்த பாவம் எனக்கு வேண்டாம். அவர் வெளியே போனார். மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. நல்லது என்று நினைத்தேன். ஆனாலும் கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

முதலாளி வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எஸ்தர் கொடுத்த மோரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். மிஷினைச் சுற்றி வந்தார். துணியைத் தடவிப் பார்த்தார். கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தீர்ப்பு முடிந்துவிட்டது தெரிந்தது.

"மிஷினுக்கு வயசாயிருச்சுங்க. நம்ம நூலுல குத்தம் வராதுங்க. எங்கப்பா காலத்துல இருந்து வந்ததில்லீங்க. என்னங்க பண்றது?"

அந்த நேரம் வாசலில் மொபெட் வந்து நின்றது. ஹெல்மெட்டுக்காரர் உள்ளே வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்ரோல் பங்கில் கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பதற்காக வைத்திருப்பார்களே, ஊதா வெளிச்சம் அடிக்கிற விளக்கு, அதைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார்.

குரலை மாற்றிக்கொண்டு, யானை பேசினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரலில், "முதலாளி, கோனை இந்த வெளிச்சத்துல பார்க்கோணுமுங்க" என்றார்.

முதலாளி ஹெல்மெட்டை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தாப் போச்சுங்க" என்றார்.

ஆனால் அதற்கு இருட்டு வேண்டும். எங்கள் தகரக் கூரையில் தகரத்தைவிட ஓட்டைதான் அதிகம். ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடினால் கூரை வழியாகச் சூரியன் எட்டிப் பார்த்தது. எஸ்தர் வீட்டுக்குள் போய், ஊட்டிக்குப் போயிருந்தபோது வாங்கிய கனத்த கம்பளியைக் கொண்டுவந்தாள். அந்துருண்டை வாசம் ஆளைத் தூக்கியது. பாயை விரித்தோம். மில் முதலாளி, ஹெல்மெட்டுக்காரர், நான், நடுவில் நூல் கோன்கள், விளக்கு. எல்லாவற்றையும் சேர்த்து எஸ்தர் கம்பளியால் மூடினாள். எங்கும் வெளிச்சம் புகாமல் சுற்றிலும் சொருகிவிட்டாள். இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

முதல் சத்தம் 'டொக்'. ஹெல்மெட் முதலாளியின் நெற்றியில் மோதியது.

"மன்னிச்சுக்கங்க" என்றது யானைக் குரல்.

"இருக்கட்டுங்க."

விளக்கு எரிந்தது. நான் பயந்துபோனேன். முதலாளியின் வெள்ளைச் சட்டை நீலமாக ஜொலிக்க ஆரம்பித்தது. வேட்டி ஜொலித்தது. இயேசுவின் உடை வெளிச்சமாக ஜொலித்த மறுரூப மலையைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்து, சற்று நேரம் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சலவை சோப்பு செய்கிற வேலை என்று பிற்பாடு தெரிந்தது.

"கோனைப் பாருங்க முதலாளி. வித்தியாசம் தெரியுதுங்களா?"

"எதை எதோட பார்க்கறதுங்க?"

ஹெல்மெட் அங்கே திரும்பியது, இங்கே திரும்பியது, இன்னொரு தரம் 'டொக்' என்றது. பாவம், கறுப்புக் கண்ணாடி வழியாக அந்த மங்கல் ஊதாவில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடியை விரலால் தூக்கிப் பார்த்தார். தூக்கினால் விளக்கில் இடித்தது. கை தடவித் தடவி ஒரு கோனை எடுத்து, இதுங்க, என்று முதலாளியிடம் நீட்டினார். அது என் முழங்கால்.

 புழுக்கத்தில் மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது. முதலாளி எழுந்துபோக அசைந்தார். அவர் எழுந்தால் என் கதை முடிந்தது. அப்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஹெல்மெட்டின் வார் கழன்ற சத்தம்.

கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஊதா வெளிச்சத்தில் ஒரு சின்ன முகம். வேர்வையில் நெற்றித் திருநீறு கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. முன்பல் ஒன்று மற்றவற்றைத் தாண்டி வெளியே வந்து எட்டிப் பார்த்தது. முதலாளியைப் பார்க்காமல் கோன்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரலும் இப்போது அவர் குரல்தான்.

"இந்தக் கோனு நீலமாத் தெரியுதுங்களா? இது மஞ்சளாட்டத் தெரியுதுங்க. ஒரே சீட்டு, ஒரே நம்பரு, ஆனாப் பஞ்சு வேற வேறங்க. ரெண்டு பஞ்சு கலந்துருச்சுங்க. வெறுங்கண்ணுக்கு ஒரே வெள்ளையாத்தான் இருக்கும். சாயத்துல போட்டா ஒண்ணு அதிகமாக் குடிக்கும், ஒண்ணு கம்மியாக் குடிக்கும். பட்டை விழுகறது அதனாலதானுங்க. இந்த மிஷினுங்க ஒரு தப்பும் பண்ணலீங்க."

கோன்களைக் கீழே வைத்தார். "நம்ம மில்லு தப்புங்க" என்றார்.

அந்த 'நம்ம' என்ற சொல் கம்பளிக்குள் அப்படியே நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவரே, அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று மட்டும்தான் ஜெபிக்க வந்தது.

முதலாளி கோன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள்.

"ஏனுங்க இன்ஜினியரே" என்றார் கடைசியில். "இந்த ஹெல்மெட்டு உள்ள இருக்கறது நீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சுட்டிருந்தீங்க?"

இவர் மடியிலிருந்த ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 

"எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நாலு பேரு வந்து, 'உங்க மில்லு ஹெல்மெட்டுக்காரரு வந்தாருங்க, மிஷினு ஓடிருச்சுங்க'ன்னு என்ர கையைப் புடிச்சுக்கறாங்க. நானும் என்னமோ நானே ரிப்பேரு பண்ணுனவனாட்ட அந்த நன்றிய வாங்கி வெச்சுக்கறேன். ரொம்ப நாளா இதே பொழப்பாப் போச்சு."

"மன்னிச்சுக்கங்க முதலாளி."

"வேற எவன் வந்து நம்ம நூலுல குத்தம்னு சொல்லிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டனுங்க. சொன்னா வேலையே போயிரும்னு தெரிஞ்சும் நீங்க வந்து சொல்றீங்க. ஒத்துக்காம என்ன பண்றது?"

இவர், நாளைக்கு வேலைக்கு வரட்டுங்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வீடு, பள்ளிக்கூடம், பிள்ளைகள் எல்லாம் இருந்தது எனக்குத் தெரியும்.

"வராம? பஞ்சைக் கலந்துவிட்டது எவன்னு நீங்க வந்து கண்டுபுடிக்காட்டி நானா கண்டுபுடிக்கறது?" என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அந்த ரூலு எங்கப்பா போட்டதுங்க. அதை என்னால எடுக்க முடியாது. அதனால நான் உங்களை இங்க பார்க்கலீங்க. போட்டுக்கங்க."

இருட்டில் ஹெல்மெட்டை அவரே எடுத்து இவர் தலையில் கவிழ்த்தார். பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். கம்பளி குலுங்கியது.

வெளியே எஸ்தர் பொறுமை இழந்துவிட்டாள். "என்ன, உள்ளயே குடித்தனம் நடத்தப் போறியளா? சோறு ஆறுதே" என்று கம்பளியை உருவினாள். வெளிச்சத்தில் மூன்று பேரும் குளித்து எழுந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம், அதில் ஒருவர் ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

முதலாளி அங்கே நின்றபடியே ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போன் போட்டு, தப்பு எங்கள் மில்லில்தான், வேறு நூல் அனுப்புகிறேன், கெட்டுப்போன துணியை என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னுகிற வேலை மண்ணரையிலேயே இருக்கட்டும் என்றார். எங்கள் வீட்டில் மீன் குழம்பு. முதலாளி சைவம் என்பதால் ரசமும் அப்பளமும் சாப்பிட்டார். எஸ்தர் இவருக்குத் தட்டை வைத்ததும், முதலாளி நாகரிகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், 'பார்க்காமல்' இருக்க வேண்டுமே, அதற்காக. இவர் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். அப்போதுதான் எஸ்தர் அந்த முகத்தை முதன்முதலில் பார்த்தாள்.

"இம்புட்டு நல்ல மொகத்தையா தம்பி இத்தன நாளும் பூட்டி வச்சிருந்திய?" என்றாள். இவர் வெட்கப்பட்டு, அந்த முன்பல் தெரிய, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். எங்கள் சபையில் காணிக்கை படைக்கிறவர்கள் எதற்காக என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதகர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். பரீட்சை பாஸ், சுகப்பிரசவம், புது வண்டி என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவர், 'சகோதரனின் வேலைக்கு வந்த ஆபத்திலிருந்து காத்ததற்காக' என்று என் சீட்டை வாசித்தார்.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். உனக்குச் சகோதரன் இருப்பது இத்தனை நாள் தெரியாதே தம்பி, கூடப் பிறந்தவரா என்று கேட்டார்.

ஆமாம் ஐயா, கூடப் பிறந்தவர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.